பெயர்களின் கிடங்கு: எர்த்ஸீ நாவல்களை மறுபடி வாசித்தல்

உர்சுலா கே. லெ குவின் என்ற பெயரின் நடுவில் நிற்கும் 'கே' என்கிற ஒற்றை எழுத்திலிருந்து தொடங்கலாம். அது க்ரோபர். கலிபோர்னியப் பூர்வகுடிகளின் மொழி, சடங்கு, கதை, கூடை, அம்பு என்று ஆயுள் முழுக்கச் சேகரித்த மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபரின் மகள் அவர். 1929-இல் பெர்க்லியில் பிறந்து 2018-இல் போர்ட்லண்டில் இறந்தார். இடையில் எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தை வைத்து ஆறு புத்தகங்கள் எழுதினார். 1968, 1971, 1972-இல் முதல் மூன்று. பிறகு பதினெட்டு வருஷ மௌனம். 1990-இல் 'தெஹானு'. 2001-இல் ஒரு கதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' என்ற கடைசி நாவலும். அந்த ஒற்றை எழுத்தையும் இந்த ஆறு புத்தகங்களையும் சேர்த்து வாசிக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சின்னப் பிள்ளைகள் படிக்கிற டிராகன் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. பெரியவர்களுக்கான நாவல்களில் மறைத்து வைக்கப்படும் பல சங்கதிகள் பிள்ளைகளுக்கான கதைகளில் பட்டவர்த்தனமாகக் கிடக்கும் என்பதைத்தான் அவர்களுக்குச் சொல்ல முடியும்.

எர்த்ஸீயில் மந்திரம் என்பது பெயரறிவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவன் அப்பொருளை ஆள்வான். மனிதர்களுக்கும் அப்படித்தான். வயதுக்கு வரும் பருவத்தில் ஒருவர் காதோடு சொல்லித் தரும் பெயரை மிக நெருங்கியவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். ஊருக்குத் தெரிவது கூப்பிடு பெயர்தான். முதல் நாவலின் ஆடு மேய்க்கும் பையன் டூனி ஊர்வாயில் 'ஸ்பாரோஹாக்' ஆகிறான், மெய்ப்பெயர் கெட். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத பாட்டிமார்களோடு வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான உறவு ஏதுமில்லை என்று மொழியியல் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எர்த்ஸீயில் அந்தப் பிரிவு இன்னும் நிகழவில்லை. ஆகவே அங்கே மொழியைக் கற்பதும் அதிகாரத்தைக் கைப்பற்றுவதும் ஒரே காரியம். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், ஒதுக்குப்புறமான ஒரு கோபுரத்தில், மாணவர்கள் பெயர்ப்பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். நடுராத்திரியில் தாளிலுள்ள மை அழிந்துபோகும். அதற்குள் நெட்டுருப் போட்டாக வேண்டும். உலகத்தை ஒரு பட்டியலாக்கி ஆம்பிளைப் பிள்ளைகளின் மூளைக்குள் சேமிக்கும் நிறுவனம் அது. முதல் வாசிப்பில் இது எவ்வளவு வசீகரமாக இருந்தது! பட்டியல் என்பது எந்த வேலைக்கான கருவி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று. கெட்டின் தோல் செம்பழுப்பு. அவன் நண்பன் கறுப்பு. வெள்ளைத்தோல்காரர்கள் கிழக்கே உள்ள கார்காடு மக்கள் மட்டும்தான். 1968-இல் அமெரிக்கச் சிறுவர் நாவலொன்றில் இதைச் சத்தமில்லாமல் செய்தது சாதாரணமல்ல. ஆனால் அட்டைப்படங்கள் பல அவனை வெளுத்துக் காட்டின. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் வெள்ளைக்கார நடிகரைக் கெட் ஆக்கியது. லெ குவின் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார்.

முதல் நாவலை யுங்கின் நிழல் கோட்பாட்டை வைத்து விளக்குவது வழக்கம். கர்வத்தால் தான் ஏவிவிட்ட நிழலைக் கெட் கடைசியில் தன் பெயராலேயே அழைத்து ஒன்றாகிறான். சரி, மறுக்கவில்லை. ஆனால் இந்த உளவியல் வாசிப்பு பிரதியை வரலாற்றிலிருந்து பிய்த்து யாருடைய மனசுக்குள்ளோ பத்திரமாக வைத்துவிடுகிறது. இரண்டாவது நாவலை அப்படி வைக்க முடியாது. அட்டுவானின் கல்லறைக் கோயிலுக்கு டெனார் என்ற சிறுமியைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். சடங்கு செய்து அவள் பெயரைப் பறிக்கிறார்கள். இனி அவள் ஆர்ஹா, அதாவது தின்னப்பட்டவள். இறந்துபோன தலைமைப் பூசாரியே மறுபடி மறுபடி பிறக்கிறாள், அவள்தான் இவள் என்பது ஐதீகம். சாவில்லாதவள். பாதாள வழிகளை யாராவது அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சொல்லித்தரும்போதே, இது உனக்குப் போன பிறவிகளில் தெரிந்ததுதான் என்பதாகவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நினைவை வெளியிலிருந்து ஊட்டி, அதை அவளுடைய சொந்த நினைவு என்று நம்பவைக்கும் இந்தத் தந்திரத்தை எந்தக் கோட்பாட்டு நூலும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. சாகாவரம் இங்கே வரமல்ல. நிறுவனம் தொடர்ந்து உயிரோடிருக்க ஒரு சிறுமியின் உடம்பு தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது நாவல் 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்'. காப் என்ற மந்திரவாதி சாவை வெல்ல, இருப்போர் உலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் இடையில் ஓர் ஓட்டையைத் திறந்துவிடுகிறான். அதன் வழியே உலகின் உயிர் ஒழுகிப்போகிறது. மந்திரவாதிகளுக்குச் சொற்கள் மறக்கின்றன. பாட்டுக்காரர்களுக்குப் பாட்டு மறக்கிறது. பட்டுக்குப் பேர்போன லோர்பனெரித் தீவில் சாயத் தொழில் கைவிட்டுப்போகிறது. சாகாமல் இருக்க ஆசைப்படுகிறவர்கள் தங்கள் பெயரையே விட்டுக்கொடுக்கிறார்கள். கெட் தன் முழு சக்தியையும் செலவழித்து அந்த வாசலை மூடுகிறான். அதன் பிறகு அவன் மந்திரவாதி இல்லை. இறந்தோர் நாட்டை லெ குவின் எழுதிய பக்கங்கள் யாருக்கும் மறக்காது. தாழ்வான ஒரு கற்சுவர். அதற்கப்பால் வறண்ட நிலம். தண்ணீர் இல்லை, காற்று இல்லை, நட்சத்திரங்கள் நகர்வதில்லை. காதலர்கள் தெருவில் ஒருவரையொருவர் கண்டும் காணாமல் கடந்துபோகிறார்கள். எல்லோருக்கும் அவரவர் மெய்ப்பெயர் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

நாவல் வாசலை மூடியது. ஆனால் சுவர் அப்படியே நிற்கிறது. இந்தச் சுவரைக் கட்டியது யார்? அந்த நிலம் யாருடையது? 1972-இல் நாவல் இதைக் கேட்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை. மரணம் இயற்கை, ஏற்றுக்கொள் என்ற ஞானத்தோடு புத்தகத்தை மூடிவைத்தோம். ஆசிரியரே அந்தக் கேள்வியைக் கேட்க இருபத்தொன்பது வருஷம் ஆனது.

இந்த இடத்தில் 'கே' என்ற எழுத்துக்குத் திரும்ப வேண்டும்.

1911 ஆகஸ்ட் இறுதியில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே, ஒரு கசாப்புக் கொட்டில் பக்கம், பசித்து மெலிந்த ஒரு மனிதர் பிடிபட்டார். யானா மக்களின் ஒரு பிரிவான யாஹி இனத்தைச் சேர்ந்தவர். 1848-இல் தங்கம் கிடைத்ததையொட்டி வந்து குவிந்த வெள்ளைக் குடியேறிகள், 1860-களில் இந்த மக்களை ஊர் ஊராக வேட்டையாடிக் கொன்றிருந்தார்கள். தப்பிய சிலர் பல பத்தாண்டுகள் மலைப்பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களும் மடிந்த பிறகு மிஞ்சியவர் இவர். பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்த அதன் மானுடவியல் அருங்காட்சியகத்தில்தான் அவர் பெரும்பாலும் தங்கினார். பெயர் என்ன என்று பத்திரிகைக்காரர்கள் நச்சரித்தார்கள். தன் பெயரைத் தானே அந்நியரிடம் சொல்வது அவர் மரபில் இல்லை. க்ரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயர் வைத்தார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். மெய்ப்பெயரைக் கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பார்வையாளர்களுக்கு முன்னால் அம்புமுனை செதுக்கிக் காட்டினார். அவர் குரலை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். 1916 மார்ச் 25 அன்று காசநோயில் இறந்தார்.

க்ரோபர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று கடுமையாக எழுதினார். கடிதம் வந்து சேருமுன் காரியம் முடிந்திருந்தது. உடல் எரிக்கப்பட்டது, மூளை மட்டும் எடுத்து வைக்கப்பட்டது. பிறகு அதே க்ரோபர்தான் அந்த மூளையை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். நண்பனின் உடலை வெட்டாதே என்ற மனுஷனும், மூளையைப் பொதி கட்டி அனுப்பிய மனுஷனும் ஒருவரே. இதை இரட்டை வேஷம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். சேகரிப்பு என்ற அறிவுமுறைக்குள் நின்ற ஒருவருக்கு அன்பும் அதே முறைக்குள்தான் இயங்க முடிந்தது என்பது அதைவிடப் பயங்கரமானது.

இஷியின் வாழ்க்கையை 1961-இல் புத்தகமாக எழுதியவர் லெ குவினின் தாய் தியோடரா க்ரோபர். அதையே பிள்ளைகளுக்காகவும் எழுதினார். 'அவன் குலத்தின் கடைசி மனிதன்' என்று பொருள்படும் தலைப்பில் 1964-இல் அது வந்தது. வெளியிட்டது பெர்க்லியிலிருந்த பார்னாசஸ் பிரஸ், படம் வரைந்தவர் ரூத் ராபின்ஸ். நான்கு வருஷம் கழித்து மகளின் முதல் எர்த்ஸீ நாவலை வெளியிட்டதும் அதே பார்னாசஸ் பிரஸ். படம் வரைந்தவரும் அதே ரூத் ராபின்ஸ். பெயரைச் சொல்லாமல் செத்த மனிதரின் கதையும், பெயரைச் சொல்லாமல் காப்பாற்றும் உலகின் கதையும் ஒரே பதிப்பகத்திலிருந்து ஒரே கையின் சித்திரங்களோடு வந்திருக்கின்றன.

இஷிதான் கெட் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. இஷி இறந்து பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவர் லெ குவின். ஆசிரியரின் நோக்கம் எதுவென்று துப்பறிவது நம் வேலையுமல்ல. நான் சொல்வது இதுதான்: பெயர்கள் சேமிக்கப்பட்டு, உயிர் நீக்கப்பட்டு, ஒருவரையொருவர் அறியாமல் நிற்கும் அந்த வறண்ட நிலத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கண்ணாடிப் பெட்டிகளும் அட்டவணை எண்களும் கொண்ட அருங்காட்சியகம் அது. அழியாமல் காப்பது என்பதன் நவீன நிறுவன வடிவம். காப் தனக்காகச் செய்ய முயன்றதை அறிவியல் பிறருக்காக, அவர்களைக் கேட்காமலே, செய்துகொண்டிருந்தது.

லெ குவின் தன் பிரதிகளைத் தானே மறுவாசிப்பு செய்தவர். பெண்ணியத்துக்குப் பிறகு பழைய நாயகக் கதையை அப்படியே தொடர முடியாது என்பதை 1992-இல் ஆக்ஸ்போர்டு உரையொன்றில் வெளிப்படையாகப் பேசினார். அதற்கு முன்பே 'தெஹானு'வில் செய்துகாட்டியும் இருந்தார். அதில் கெட் சக்தியிழந்த ஒரு வயசாளி. டெனார் ஒரு விவசாயியின் விதவை. நெருப்பில் தள்ளப்பட்டு முகமும் கையும் கருகிய ஒரு சிறுமியை அவள் வளர்க்கிறாள். பாத்திரம் கழுவுவதும் ஆடு பார்ப்பதும் நாவலின் மையத்துக்கு வருகின்றன. பழைய வாசகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மாயம் போச்சு என்றார்கள். யாருடைய மாயம் என்பதல்லவா கேள்வி? 2001 தொகுப்பிலுள்ள 'தி ஃபைண்டர்' கதை இன்னும் ஒரு படி போகிறது. ஆண்கள் மட்டுமே படிக்கும் ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களே பெண்கள்தான் என்கிறது அது. பெயர்களைப் பட்டியல் போட்டுக் காக்கும் அந்தப் பள்ளி, தன்னைப் பெற்றவர்களின் பெயர்களை மட்டும் மறந்திருக்கிறது.

கடைசி நாவலில் சுவர் பேசப்படுகிறது. ஆல்டர் என்பவன் உடைந்த பானைகளை ஒட்டவைக்கும் சாதாரண மந்திரக்காரன். இறந்த மனைவி கனவில் சுவரருகே வந்து நிற்கிறாள். பின்னால் கூட்டம் கூட்டமாக இறந்தவர்கள். தங்களை விடுவிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மெல்ல மெல்ல விஷயம் வெளியாகிறது. ஆதியில் மனிதரும் டிராகன்களும் ஒரே இனம். பிரியும்போது ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். டிராகன்களுக்குச் சுதந்திரம், மனிதருக்குப் பொருள்களும் கைத்தொழிலும். ஆதிமொழியை மனிதர் விட்டுவிட வேண்டும். பழைய மந்திரவாதிகள் விடவில்லை. அம்மொழியை வைத்தே டிராகன்களின் மேற்குப் பிரதேசத்தில் ஒரு பகுதியை வளைத்து, சாவுக்குப் பின்னும் தாங்கள் இருந்துகொண்டே இருக்கச் சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுந்ததும் அந்த நிலம் வறண்டுபோனது. நித்தியத்துவம் என்று பாடப்பட்டதெல்லாம் ஒரு நில ஆக்கிரமிப்பு. ஒப்பந்தத்தை மீறி வளைத்த நிலத்தில் போட்ட வேலி அது. கலிபோர்னியாவில் பூர்வகுடிகளோடு 1851, 1852-இல் போடப்பட்ட பதினெட்டு ஒப்பந்தங்களை அமெரிக்க செனட் ஏற்க மறுத்து, கோப்புக்குள் மூடிவைத்த கதையை அறிந்தவர்களுக்கு இந்த டிராகன் கதை எங்கே வலிக்கும் என்று தெரியும். நாவலின் முடிவில் இருப்பவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து சுவரைப் பிடுங்கிப் போடுகிறார்கள். இறந்தவர்கள் வெளியேறி, வெளிச்சத்தில் கரைந்துபோகிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். இறந்தவர்களைப் பெயரிலிருந்து விடுவித்து மண்ணாகவும் காற்றாகவும் போகவிடுவது அழகான முடிவு. ஆனால் கொல்லப்பட்டவர்களின் விஷயத்தில் அது யாருக்குச் சௌகரியம்? ஆக்கிரமித்தவனும் மறந்துவிடலாம் என்றுதானே சொல்வான்? ரோக்கின் பெண்கள் மறக்கப்பட்டதை அநீதி என்று காட்டிய அதே கை, அதே வருஷத்தில், மறதியை விடுதலையாக எழுதியிருக்கிறது. இந்த முரணை நாவல் தீர்க்கவில்லை. வாய்மொழிக் கதைகளையும் சாவுப்பாட்டுகளையும் ஒலிநாடாவில் பிடித்து அச்சில் ஏற்றுகிற நாமும் தீர்த்துவிடவில்லை. யாருக்காகச் சேகரிக்கிறோம், சொன்னவர் கேட்டால் திருப்பிக் கொடுப்போமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டோம்?

தீர்வு நாவலுக்கு வெளியே, வேறு மாதிரி நடந்தது. 1990-களின் கடைசியில் வட கலிபோர்னியப் பூர்வகுடிகள் இஷியின் மூளை எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். 1999-இல் அது ஸ்மித்ஸோனியன் சேமிப்பில் இருப்பது உறுதியானது. யாஹி இனம்தான் அழிந்துவிட்டதே, யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. ரெட்டிங் ராஞ்சரியாவிலும் பிட் ரிவர் குலத்திலும் யானா வழிவந்தவர்கள் இருந்தார்கள். 'கடைசி மனிதன்' என்ற தலைப்பு பொய்யாகிப் போனது. இஷிக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் தேடவில்லை என்பதே உண்மை. 2000 ஆகஸ்டில் மூளை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சாம்பலோடு சேர்த்துப் புதைத்தார்கள். எந்த இடம் என்பதை வெளியே சொல்லவில்லை. 'தி அதர் விண்ட்' வெளியானது அதற்கு அடுத்த வருஷம்.

2021 ஜனவரியில் பெர்க்லி வளாகத்தின் மானுடவியல் கட்டடத்திலிருந்து க்ரோபர் என்ற பெயர் நீக்கப்பட்டது. மகள் அதைப் பார்க்க உயிரோடில்லை. மெழுகு உருளைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. 2010-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. இஷி மணிக்கணக்கில் கதை சொல்கிறார், பாடுகிறார். தன் பெயரை மட்டும் அவற்றில் சொல்லவில்லை.