ஓரங்குலப் படமும் ஊர் வரலாறும்

அரசர்களின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு மகாவம்சம் இருக்கின்றது; யாழ்ப்பாண வைபவமாலை இருக்கின்றது; கல்வெட்டுக்களும் நாணயங்களும் இருக்கின்றன. ஆனால், ஒரு குளத்தங்கரையில் நான்கு தலைமுறை வயல் விதைத்து வாழ்ந்த குடும்பத்தின் வரலாற்றை எந்த நூல் கூறும்? மலைச்சரிவிலே காடு வெட்டித் தேயிலை நட்ட குடும்பத்தின் வரலாற்றை எந்தக் கல்வெட்டிலே காணலாம்? அத்தகைய குடும்பங்களிடம் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒரு பழைய காணி உறுதியும், ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரமும், வீட்டு முதியோர் சொல்லிவந்த சில ஊர்ப் பெயர்களுமேயாம்.

இவற்றைக் கொண்டு மட்டும் நெடுந்தூரம் செல்லுதல் அரிது. உறுதியை எடுத்துப் பார்த்தால், கிழக்கு ஆறு என்றும், தெற்கு வண்டிப்பாதை என்றும், வடக்கு காடு என்றும் எல்லை கூறப்பட்டிருக்கும். இன்று ஆறு விலகி ஓடுகின்றது, வண்டிப்பாதை மறைந்துவிட்டது, காடு இருந்த இடத்தில் வீதியும் கடைகளும் உள்ளன. சொற்கள் இருக்கின்றன, அவை சுட்டிய நிலம் அடையாளம் தெரியாமற் போயிற்று. இந்த இடத்திலேதான் பழைய இடவிளக்கப்படம் துணைக்கு வருகின்றது. குடும்பத்தாரின் பெயரை அது கூறாது. அவர்கள் நடந்த பாதையையும், நீர் அள்ளிய குளத்தையும், அண்டை ஊரையும் அவை முன்பு இருந்தவாறே காட்டும்.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள், தேசாதிபதி பிரடெரிக் நோர்த் காலத்திலே நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களைப் படமாக வரைந்திருந்தனர். காணிகளையும் உரிமையாளரையும் தோம்புகளிற் பதிந்துமிருந்தனர். ஆயினும், நாடு முழுவதையும் ஒரே அளவுத்திட்டத்திலே நுணுக்கமாக வரைந்துகாட்டும் பணி 1897ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. நிலத்திலே ஒரு மைல் படத்திலே ஓரங்குலம் என்னும் கணக்கில் அமைந்த அப்பணி 1924ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. இவ்வாறு எழுபத்திரண்டு தாள்களில் அமைந்தவையே ஓரங்குலப் படங்கள் எனப்படுவன.

அக்காலத்திலே வானிலிருந்து நிழற்படம் எடுத்து வரையும் வசதி இல்லை. அளவையாளர் காட்டு வழிகளிலே நடந்தனர்; மலைகளில் ஏறினர்; ஆற்றின் வளைவுகளைப் பின்தொடர்ந்து சென்றனர்; ஊருக்கு ஊர் தங்கிப் பெயர்களைக் கேட்டு எழுதினர். 1910ஆம் ஆண்டிலே திணைக்களத்திற் சேர்ந்த ஆர். எல். புரோகியர் என்பார், இவ்வாறு காடுகளிலே திரிந்தபோது கண்ட பழைய அணைகளையும் கால்வாய்களையும் ஆராய்ந்து, இலங்கையின் பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றி 1934, 1935ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக நூல் வெளியிட்டார். படம் வரையச் சென்றவர் வரலாற்றாசிரியராகத் திரும்பினார். நிலத்தை நுணுகிப் பார்த்தவருக்கு அதன் வரலாறும் புலனாயிற்று என்பதற்கு அவருடைய நூலே சான்று.

படத்தைப் பயன்படுத்துவோர் முதலில் அதன் ஓரத்தைப் படித்தல் வேண்டும். நிலத்தை அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்பன வெவ்வேறாக இருத்தல் கூடும். அச்சிட்ட ஆண்டையே அளந்த ஆண்டாகக் கொள்பவர், பாட்டனார் காலத்துப் பாதையைத் தந்தையார் காலத்ததாக மயங்குவர். அடுத்து, அளவுத்திட்டத்தை மனத்திற் கொள்ளவேண்டும். ஓரங்குலப் படத்திலே ஒரு சதுர அங்குலத்தில் 640 ஏக்கர் நிலம் அடங்கும். ஆகவே, இரண்டு பரப்புக் காணியையோ ஒரு வீட்டின் வேலியையோ அதிலே தேடுதல் வீண். ஓர் ஊர் எங்கே இருந்தது, எவ்வழியாக அதனை அடைந்தனர், அதன் நீர் எங்கிருந்து வந்தது என்பனவே அதனிடம் கேட்கத்தக்க கேள்விகள்.

வன்னியை எடுத்துக்கொள்வோம். ஓரங்குலப் படத்திலே வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பார்க்கும் ஒருவருக்கு முதலிலே தோன்றுவன குளங்களே. ஒரே ஓடையின் வழியிலே, மேலே ஒரு குளம், அதன் வயலுக்குக் கீழே மற்றொரு குளம் என அவை தொடர்ந்து செல்கின்றன. மேற்குளத்து வயலிலே பாய்ந்து எஞ்சிய நீர் கீழ்க்குளத்தை அடைந்தது. எனவே ஓர் ஊரின் வாழ்வு அடுத்த ஊரின் அணையோடு பிணைந்திருந்தது. இரண்டு ஊர்களுக்கிடையே பெண் கொடுத்தலும் கொள்ளுதலும் ஏன் மிகுந்திருந்தன, வழக்குகளும் ஏன் மிகுந்திருந்தன என்று வியப்போர் அந்த நீர்வழியைப் பின்பற்றிப் பார்த்தாற் காரணம் ஓரளவு விளங்கும்.

வாழும் குளங்களைப் போலவே பாழடைந்த குளங்களும் அப்படங்களிற் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல அடர்ந்த காட்டின் நடுவே, அருகில் ஊரெதுவும் இன்றி உள்ளன. குளம் இருந்ததெனின் வயலும் இருந்திருக்கும்; வயல் இருந்ததெனின் குடியும் இருந்திருக்கும். "எங்கள் பூட்டனார் குளம் உடைத்ததனால் இங்கே வந்து குடியேறினார்" என்று ஒரு குடும்பத்திலே வழங்கும் கதையை வெறுங்கதையென்று தள்ளுவதற்கு முன், ஊரிலிருந்து இரண்டு மூன்று மைல் வட்டத்திலே பாழடைந்த குளம் உண்டோ எனப் பார்த்தல் தகும். முறிப்பு என முடியும் ஊர்ப் பெயர்கள் வன்னியில் உள்ளன. அணை முறிந்த செய்தியை அப்பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. மடு, மோட்டை, கேணி, கட்டு என முடியும் பெயர்களும் அவ்வாறே நீரின் வரலாற்றைச் சொல்லுவன. ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைப் படத்தோடு சேர்த்துப் படிப்போர், கால் நூற்றாண்டு இடைவெளியில் அமைந்த இரண்டு சான்றுகளை ஒப்பிடும் வாய்ப்பைப் பெறுவர்.

பின்வந்த மாற்றங்களை அறிவதற்கும் பழைய படமே அளவுகோல். பாலியாற்றை மறித்துப் பண்டைக்காலத்திற் கட்டப்பட்ட வவுனிக்குளம் நெடுங்காலம் உடைந்து கிடந்து, 1950களிலே திருத்தப்பட்டது. அதன் கீழே குடியேற்றங்கள் எழுந்தன. இன்று பசுமையாகத் தோன்றும் அந்நிலத்தைப் பழைய தாளிலே பார்ப்பவர், முதலிற் குடியேறிய பெற்றோர் எத்தகைய காட்டினுள் வந்து இறங்கினர் என்பதை உணர்வர். பின்னர் வந்த போரிலே இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டிற்குப் பின் மீண்ட குடும்பங்கள் பல, வேலியும் கிணறும் தூர்ந்து, உறுதிகளும் தொலைந்த நிலையிலே தம் ஊரைக் கண்டன. அவர்களுட் பிள்ளைப் பருவத்திலே ஊரை விட்டுப் போனவர்க்கு, ஊரின் பழைய அமைப்பை அறிய முதியோர் சொல்லும் பழைய படமுமே துணையாயின.

மலைநாட்டிலே கேள்வி வேறு விதமாக எழுகின்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தொடக்க காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியாகக் காட்டினூடே மாத்தளையை நோக்கி நடந்தனர். நோயினாலும் பசியினாலும் அவ்வழியிலே மாண்டோர் பலர். 1914ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னர் வந்தோர் அந்நடையை அறியார். ஒரு குடும்பம் வந்த காலத்தைக் கணிக்க முயல்வோர், "நடந்து வந்தோம்" என்ற சொல்லையும் "ரயிலில் வந்தோம்" என்ற சொல்லையும் வேறுபடுத்திக் கேட்டல் வேண்டும்.

தோட்டத்திற் பிறந்தவரின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே ஊர்ப் பெயருக்குப் பதிலாகத் தோட்டத்தின் பெயரே பெரும்பாலும் காணப்படும். அப்பெயர் ஆங்கிலத் துரைமார் தம் நாட்டு நினைவாக இட்டதாக இருக்கும். ஆனால், பாட்டியார் சொல்லிய பெயர் தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயராக இருக்கும். இரண்டும் ஒன்றே என்பதை அறியாத பேரப்பிள்ளைகள் இரண்டு தோட்டங்களைத் தேடி அலைவர். ஓரங்குலப் படத்திலே தோட்டப் பெயர்கள் ஆங்கில வழக்கிலேயே உள்ளன. ஆயினும் பாட்டியார் நினைவுகூர்ந்த ஆறு, பாலம், கோயில், அடுத்த கடைவீதி என்பவற்றைப் படத்திலே அடையாளங்கண்டால், அவற்றுக்கு நடுவேயுள்ள தோட்டம் எதுவென்பது தெளிவாகும். பின்னாளிலே தோட்டங்கள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டமையால், தனித்தோட்டமாக இருந்தது இன்று வேறொரு தோட்டத்தின் பிரிவாக இருத்தலும் உண்டு.

இத்தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னர், தாமும் தம் தந்தையாரும் இந்நாட்டிற் பிறந்தனர் என்பதற்குச் சான்று காட்டமுடியாமல் மலைநாட்டுத் தமிழர் பெருந்தொகையினர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா உடன்பட்டது. அவ்வாறு சென்றோரிற் பலர் நீலகிரி முதலிய இடங்களிற் குடியமர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் இன்று ஒரு தோட்டத்துப் பெயரை மட்டும் நினைவிற் கொண்டு, அது எம்மலையில் உள்ளதெனத் தேடுகின்றனர்.

அவ்வாறு தேடுவோருட் சிலர்க்கு இடமே நீருள் மூழ்கிவிட்டது. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீருள் அமிழ்ந்தது. கடுங்கோடையிலே நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. மக்கள் சென்று பார்த்து வணங்கி வருகின்றனர். புதிய படத்திலே அவ்விடம் நீலநிறம் மட்டுமே. பழைய ஓரங்குலப் படத்திலோ ஆறும் வீதியும் பட்டினமும் உள்ளன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற ஒடுங்கிய இருப்புப்பாதையும் அத்தகையதே. 1940களிலே மூடப்பட்ட அப்பாதையின் வழியை, இன்று நிலத்திலே காண்பதினும் பழைய படத்திலே காண்பது எளிது.

இவ்வளவும் கூறியபின், படத்தின் குறைகளையும் கூறாதொழிதல் நேர்மையன்று. படம் அரசின் தேவைக்காக வரையப்பட்டது. அதற்கு வேண்டியவை அதில் இருக்கும், வேண்டாதவை இரா. துரையின் பங்களா தனியே தெரியுமிடத்தில், லயன்களில் வாழ்ந்த நூற்றுக்கணக்கானோர் சில கறுப்புக் கோடுகளாகவே தோன்றுவர். ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்திலே அமைந்தபோது ழகரமும் ளகரமும் ஒன்றாயின. குறில் நெடிலும் மயங்கின. அப்பெயரை மீண்டும் தமிழாக்குவோர் ஊராரிடம் கேளாமல் எழுதினால் இல்லாத ஊரொன்றைப் படைத்துவிடுவர். காடு என்று காட்டப்பட்டதெல்லாம் எவருக்கும் உரியதல்லாத நிலம் என்று கொள்ளுதலும் பிழை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியன என்று கருத இடமளித்தது. ஊரார் சேனை செய்தும், விறகும் தேனும் எடுத்தும் பயன்பெற்றுவந்த காடுகளும் அக்கருத்திற்குள் அடங்கின. மேலும், ஓரங்குலப் படம் காணி உரிமைக்குச் சான்றாகாது. உரிமையை நாடுவோர் காணிப் பதிவகத்திற்கும் விரிவான கிராமப் படங்களுக்கும் செல்லுதல் வேண்டும்.

ஆதலின் படத்தைத் தனியே படித்தல் போதாது. நில அளவைத் திணைக்களத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பழைய படங்கள் பேணப்படுகின்றன. அவற்றின் படி ஒன்றைப் பெற்று, மெல்லிய தாளை மேலே வைத்து ஆறு, குளம், பாதை, ஊர் என்பவற்றை மட்டும் பாடசாலை மாணவர் வரைந்துகொள்ளலாம். பின்னர் வெளிவந்த ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டப் படத்தோடு அதனை ஒப்பிட்டு, இருந்து மறைந்தவை எவை, புதிதாகத் தோன்றியவை எவை எனப் பட்டியலிடலாம். புதிய படத்திலே ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு சதமமீற்றர் என்பதை மறவாதிருந்தால் அளவிலே பிழை நேராது. அதன்பின் அப்பட்டியலை ஊரில் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

அவருக்குப் படம் படிக்கத் தெரியாதிருக்கலாம். குளத்தையும் கோயிலையும் காட்டி, "இந்தப் பாதை எங்கே போனது?" என்று கேட்டாற் போதும். அப்பாதையால் யார் வந்தார், யார் போனார், எந்த வெள்ளத்திலே அது அழிந்தது, எவர் வீட்டு மாலுக்கு முன்னால் வண்டிகள் அவிழ்த்து விடப்பட்டன என்று அவர் சொல்லத் தொடங்குவார். சொல்பவரின் பெயரையும் கேட்ட நாளையும் சேர்த்து அவற்றை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். நூறாண்டு பேணப்பட்ட தாள் இன்னும் பல்லாண்டு பேணப்படும். அதனை அடுத்த ஆண்டும் சென்று பார்க்கலாம். அதிலுள்ள கோடு ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லக்கூடிய முதியவரோ அடுத்த ஆண்டு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, தேடலைத் தொடங்குவோர் படத்தை விரித்த அன்றே அவருடைய வாசலுக்கும் சென்றுவிடுதல் நன்று.