மக்கு என்று பெயர் வைத்தவர்கள்

நம்ம புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது என்பது பழைய பேச்சு. பள்ளிக்கூட வாசலே நமக்கு மூடிக்கிடந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கு அவசியம் இருக்கவில்லை. வாசல் திறந்த பிறகு, உள்ளே வந்துவிட்ட பிள்ளையை வகுப்புக்குள்ளேயே ஒதுக்கிவைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ‘மக்கு’ என்ற சொல் அந்த வேலையைச் செய்தது. இதே வேலை கறுப்பின மக்களின் பிள்ளைகளிடம் எப்படி நடந்தது, அவர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய 1904இல் அங்கே அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஆல்பிரட் பினே, சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அறிவு பிறப்பிலேயே முடிந்துபோன சங்கதி என்பதை பினே ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்றார். 1911இல் அவர் செத்துப்போனார்.

அவருடைய சோதனை அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் தலைகீழானது. உதவி தேவைப்படுகிறவர் யார் என்று கேட்ட கருவி, தாழ்ந்தவர் யார் என்று கேட்கத் தொடங்கியது. 1916இல் அதைத் திருத்தி வெளியிட்ட லூயிஸ் டெர்மன், செவ்விந்தியர், மெக்சிகர், கறுப்பர் குடும்பங்களில் காணும் மந்தபுத்தி இனத்தோடு ஒட்டியது போலிருக்கிறது என்று எழுதினார். இந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் போட வேண்டும், நல்ல வேலையாட்களாக ஆக்கலாம் என்பது அவர் யோசனை. மனுதர்மத்தைப் படித்த நமக்கு இது புதுசா என்ன?

இந்தத் தனி வகுப்பு பின்னாளில் சட்டப்படியான ஏற்பாடாக நிலைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் மொத்த மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 28.5 சதவீதம், மூளைவளர்ச்சி குன்றியோர் எனப் பிரிக்கப்பட்ட வகுப்புகளில் அவர்கள் 66 சதவீதம். 1971இல் கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ‘லாரி பி.’ வழக்கு என்று இதற்குப் பெயர். கறுப்பின உளவியலாளர்கள் அந்தப் பிள்ளைகளை, அவர்களுக்குப் பழகிய பேச்சில், பயமுறுத்தாமல் மறுபடி சோதித்தார்கள். எல்லாருமே ‘குறை’ என்ற கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள். 1979இல் நீதிபதி பெக்கம், பிள்ளைகளை இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு அனுப்ப நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்துவது இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தார்.

இதே காலத்தில் இன்னொரு பெயரும் புழக்கத்துக்கு வந்தது. 1963இல் சிகாகோவில் கூடிய பெற்றோர்களிடம் சாமுவேல் கிர்க் ‘கற்றல் குறைபாடு’ என்ற சொல்லை முன்வைத்தார். அறிவு இருக்கிறது, எழுத்தும் கணக்கும் மட்டும் தடுக்குகிறது என்று பொருள். உண்மையான, தேவையான சொல்தான். ஆனால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்கே என்று 1986இல் கிறிஸ்டீன் ஸ்லீட்டர் எழுதினார். ஒரே தடுமாற்றம்தான். வெள்ளைப் பிள்ளைக்கு அது குறைபாடு, கறுப்புப் பிள்ளைக்கு அது பிறவிக் குணம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. எங்க தெருவிலிருந்து என்னோடு படித்த ஒருவன் அஞ்சாவது வரை எழுத்துக்கூட்டித் திணறினான். ‘ப’ எழுதச் சொன்னால் ‘ட’ எழுதுவான். மாட்டுச் சந்தையில் அவங்க அப்பாவுக்கு வாய்க்கணக்குப் போட்டுக் கொடுப்பது அவன்தான். ஒரு ரூபாய் தப்பாது. வாத்தியார் அதைக் கேட்டதில்லை. “உங்க ஆளுங்களுக்கு எங்கடா ஏறப்போவுது, போய் மாட்ட மேயி” என்பார். ஆறாவதுக்கு அவன் வரவில்லை, செங்கல் சூளைக்குப் போனான். பல வருசம் கழித்து நகரத்தில் என்னோடு வேலைபார்த்த ஒரு மேல்சாதிக்காரரின் மகன் அப்படியே எழுதினான். அவனுக்கு டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் வந்தது, தனி ஆசிரியர் வந்தார், தேர்வில் கூடுதல் நேரம் வந்தது. அந்தப் பையனுக்குக் கிடைத்தது நியாயம்தான். எங்க ஆளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ஆனால் சான்றிதழ் வாங்க யாராவது முதலில் சந்தேகப்பட வேண்டும். ‘இவனுக்கு ஏதோ தடுக்குது, என்னன்னு பார்ப்போம்’ என்று ஒரு ஆசிரியர் நினைக்க வேண்டும். சேரிப் பிள்ளை படிக்கவில்லை என்றால் இங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. விடை முன்கூட்டியே தயாராக இருக்கிறது.

அமெரிக்காவில் வேறொரு வழியையும் தேடினார்கள். மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் சிறப்புக் கல்விப் பொறுப்பிலிருந்தவர் டேவிட் வைகார்ட். கறுப்பினப் பிள்ளைகள் தோற்றுக்கொண்டே போவதைப் பார்த்தார். பள்ளிகள் மாற மறுத்தன. அதனால் பள்ளிக்கு வருமுன்பே பிள்ளைகளிடம் போனார். 1962 முதல் 1967 வரை 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் ஆய்வில் இருந்தார்கள். 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் தினமும் காலையில் நல்ல வகுப்பு, வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே வருவார். மீதி 65 பேருக்கு இது இல்லை. நுண்ணறிவுச் சோதனையில் முதலில் கிடைத்த ஏற்றம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் பள்ளியில் மூளைவளர்ச்சி குன்றியோர் பிரிவுக்குப் போனவர்கள் முதல் கூட்டத்தில் 15 சதவீதம், இரண்டாம் கூட்டத்தில் 34 சதவீதம். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 65க்கு 45 சதவீதம். பிறவிக் குணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முத்திரைக்குப் பயந்து உதவியையே மறுத்துவிடக் கூடாது. லாரி பி. வழக்கின் தடை 1986இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கான எல்லாச் சிறப்புக் கல்விச் சோதனைக்கும் விரிந்தது. அப்போது சில கறுப்பினப் பெற்றோரே, எங்க பிள்ளையின் கற்றல் குறைபாட்டைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனை வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். அந்த விரிவாக்கம் செல்லாது என்பது 1994இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. அவர்கள் துரோகிகள் இல்லை. பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்டவர்கள். 2004ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், எந்த முத்திரையும் குத்தாமலே, பின்தங்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உதவ சிறப்புக் கல்விப் பணத்தில் 15 சதவீதம் வரை செலவிட அனுமதித்தது.

நம் தரப்பிலும் இதே பயம் உண்டு. ‘எம் புள்ளைய லூசுன்னு எழுதிடுவாங்க’ என்று தாய்மார் சொல்வதில் வரலாறு இருக்கிறது. உண்மையாகவே அறிவு வளர்ச்சியில் குறையுள்ள பிள்ளைக்கும் அதில் அவமானம் ஒன்றுமில்லை, அதற்கும் படிக்கும் உரிமை உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும், ஒன்றாம் இரண்டாம் வகுப்பிலேயே, எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியர் இருக்க வேண்டும். காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். சான்றிதழ் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே உதவி தொடங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் நம் பெற்றோர்கள், அடுத்த கூட்டத்திலேயே இதை எழுதிக் கொடுத்துக் கேட்கலாம்.