நூல் பிடித்த கைகள்

கம்பளி நூலில் இதமாக ஒரு போர்வை பின்னி நாற்காலி மேல் விரித்துப் போடுவது ஓய்வு இருக்கிற வீட்டு வேலை. நம்ம சேரிப் பெண்கள் கைக்கு லேஸ் நூல் வந்த கதை வேறு. அது கூலியின் கதை.

1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதி நாகர்கோவில் வந்தார்கள். அங்கே பெண்கள் பள்ளியில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டு மேல் மாதிரித் தாளை வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. கண்ணு போகும், முதுகு ஒடியும். படித்த பிள்ளைகளில் பிறப்பாலேயே அடிமைகளாக இருந்தவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் அன்றைக்குப் புலையரையும் பறையரையும் மாடு மாதிரி வாங்கினார்கள், விற்றார்கள். அங்கே அடிமைமுறையை ஒழித்த பிரகடனம் 1855இல்தான் வந்தது. அதற்கு முன்பே லேஸ் கூலியைச் சேர்த்து எஜமானிடம் கொடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். விடுதலையை யாரோ தூக்கிக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எழுதணும்.

அந்த லேஸ் வெள்ளைக்கார அம்மாக்களின் கழுத்துப் பட்டிக்குப் போனது. பின்னியவளுக்கோ மாரை மறைக்க உரிமை இல்லை. தோள்சீலைக் கலகங்களுக்குப் பிறகு 1859இல் வந்த பிரகடனமும் சாணார் பெண்களுக்குத்தான் அனுமதி தந்தது. அதிலும் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

வடக்கே நம்ம திருவள்ளூருக்கு வருவோம். அப்போது இது செங்கல்பட்டு ஜில்லா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி இந்த வட்டாரச் சேரிகளில் வேலை செய்தார். பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதினார். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், 1892 அரசாணையும், பஞ்சமி நிலமும் நமக்குத் தெரிந்தவை. அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறகு யார் கைக்குப் போனது என்பதும் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் மிஷன் பெண்களுக்கு லேஸும் பூத்தையலும் சொல்லிக்கொடுத்தது. படியாள் வீட்டுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. களத்துமேட்டில் அளந்து போடுகிற நெல்லை வாங்க ஆண்டை முன்னால் குனிந்து நிக்கணும். லேஸுக்குக் காசு, அது அவள் கையிலேயே வரும்.

ஆனால் மாதிரி அவர்களுடையது, விலை அவர்களுடையது, சந்தையும் அவர்களுடையது. துணி மிஷன் பேரில் கடல் தாண்டிப் போனது. பின்னியவள் பேர் போகவில்லை.

நூல் நமக்குப் புதுசும் இல்லை. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதித் தொகுப்பிலேயே, பறையரோடு சேர்த்துப் பேசப்பட்ட கோலியர் நெசவாளிகளாகப் பதிவாகி இருக்கிறார்கள். நெய்யத் தெரிந்த ஜனத்துக்குத்தான் உடுத்தத் தடை. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. சுதந்திரத்துக்கு 17 வருஷம்தான் இருந்தது அப்போது.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பெண்களில் நம்ம சேரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற பொருளும் கம்பெனி பேரில்தான் வெளியே போகிறது.

திருவள்ளூர்ப் பக்கம் படிக்கிற மாணவத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஈக்காட்டிலும் சுத்துப்பட்டுச் சேரிகளிலும் லேஸ் பின்னிய குடும்பங்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். யார் கற்றுக்கொடுத்தது, என்ன கூலி, அந்தக் காசில் என்ன வாங்கினாள், பிள்ளையைப் படிக்க வைத்தாளா, கடன் அடைத்தாளா? அவள் பேரோடு எழுதி வையுங்கள்.