மலைவழியும் சைக்கிள் மணியும்

சென்ற காலாண்டு விடுமுறைக்கு என் தங்கை மகன் சென்னையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்கு வந்தான். தனியாக வரவில்லை, ஒரு சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வந்தான். "கூட்டிக்கொண்டு" என்று நான் எழுதுவது கைத்தவறு அல்ல. அந்தச் சைக்கிளுக்கு அவன் செய்த உபசாரத்தைப் பார்த்தவர்கள் வேறு வார்த்தை சொல்லமாட்டார்கள். பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் பருமன். காற்றைக் கொஞ்சம் குறைவாகவே அடைத்திருந்தான். பிரேக் பிடிப்பதற்குச் சக்கரத்தின் நடுவில் ஒரு தகடு. பார் கம்பியை ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் போலிருந்தது. விலையைக் கேட்டேன். அந்தத் தொகைக்கு என் தகப்பனார் காலத்தில் ஒரு ஜோடி உழவு மாடும், அவற்றைப் பூட்ட வண்டியும் வாங்கி, மீதியில் ஒரு கலியாணமும் செய்திருப்பார்கள்.

"இதுக்குப் பேரு கிராவல் சைக்கிள் மாமா. தார் ரோடு இல்லாத இடத்துல, சரளை ரோடு, காட்டுப் பாதை, மலைப் பாதை, அங்கெல்லாம் போறதுக்குன்னே செஞ்சது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தார் ரோடு இல்லாத இடத்தில் போவதற்கென்றே ஒரு சைக்கிளா! என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். தாம் வேலை பார்த்த கிராமத்துக்கு முப்பது வருஷம் ஏரிக்கரை மேலும் செம்மண் தடத்திலும் ஹெர்குலிஸ் சைக்கிளில் போய் வந்தவர். தபால்காரர் போனார், பால்காரர் போனார், ஐஸ்பெட்டிக்காரர் போனார். அவர்கள் யாரும் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. வேலைக்குப் போவது என்று சொன்னார்கள். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தோன்றிய பிறகு தமிழ்நாட்டில் சைக்கிள் மலிந்தது என்றால், அது ஓடியதெல்லாம் பெரும்பாலும் சரளையிலும் மணலிலும்தான்.

ஆனாலும் வேலை இல்லாமல், வேடிக்கைக்காகவே கரடுவழியில் சைக்கிள் விடுகிற வழக்கத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. சைக்கிள் பிறந்தபோது தார்ச்சாலை ஏது? 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதே கல்லிலும் குழியிலும் எலும்பு நோகாமல் போவதற்காகத்தான். 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பினச் சிப்பாய்கள், ஒரு வெள்ளைக்கார லெஃப்டினன்டின் தலைமையில், மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,900 மைல் சைக்கிளிலேயே போனார்கள். சேறு, மணல், மலை எல்லாவற்றையும் கடந்தார்கள். வந்து சேர்ந்ததும் ராணுவம் அந்தச் சோதனையைக் கைவிட்டுவிட்டது! 1919 மார்ச் மாதத்தில் ராபின்சன் என்ற ஆங்கிலேயர், 'வழிப்போக்கன்' என்ற புனைபெயரில் எழுதியவர், வேல்ஸ் நாட்டு பெர்வின் மலையைப் பனியில் சைக்கிளோடு தாண்டினார். அந்த வழியில் வந்தவர்கள் 1955-இல் இங்கிலாந்தில் கரடுவழிக்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். 2006-இல் கான்சாஸ் மாகாணத்தின் எம்போரியா ஊரில் 200 மைல் சரளைப் பந்தயம் தொடங்கிய பிறகுதான் கம்பெனிகள் விழித்துக்கொண்டு இந்தப் பருத்த டயர் சைக்கிள்களைச் செய்யலாயின. அதில் ஒன்றுதான் இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டிருந்தது.

"சவ்வாது மலைக்குப் போகலாம், மாமா" என்றான் பையன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. தகப்பனாரின் ஹெர்குலிஸ் அதைவிடக் கொஞ்சம் மூத்தது. இருந்தாலும் சம்மதித்தேன். அதற்குக் காரணம் சைக்கிள் அல்ல, ஒரு பாட்டு.

கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டவன் நான். பத்துப்பாட்டை எனக்குப் பேராசிரியர் யாரும் சொல்லித் தரவில்லை. நூலகத்தில் நானாக எடுத்துத் தடுமாறிப் படித்தேன். 1889-இல் உ. வே. சாமிநாதையர் அந்தத் தொகுதியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டிராவிட்டால் அந்தத் தடுமாற்றமும் எனக்குக் கிடைத்திராது. அதில் பத்தாவது பாட்டு மலைபடுகடாம். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடி. பாட்டுடைத் தலைவன் செங்கண்மா என்ற ஊரில் இருந்த நன்னன். செங்கண்மா என்பது வேறெதுவும் அல்ல. திருவண்ணாமலைக்கு மேற்கே பஸ் நின்று போகிற நம்முடைய செங்கம்தான். அங்கே ஓடும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. சவ்வாது மலையில் பிறந்து வருகிறது. நன்னனுடைய நவிரமலையைப் பர்வதமலை என்று அடையாளம் காண்கிறார்கள்.

பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் பாட்டு. மற்ற ஆற்றுப்படைகளில் வழி கொஞ்சம், வள்ளல் நிறைய. இதிலோ வழிதான் நிறைய. அரசனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்லும் புத்திமதியைக் கேளுங்கள்: தினைப்புனத்து ஓரங்களில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் போகாதீர்கள், நன்றாக விடியட்டும். பாம்பு உறையும் குழிகள் உண்டு, பார்த்துப் போங்கள். புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். பாறை வழுக்கும், ஒருவரையொருவர் காத்துக்கொண்டு போங்கள். மத்தளமும் யாழும் சுமந்து, குழந்தை குட்டிகளோடு போகும் ஏழைக் கலைஞர்களுக்கு வேண்டியது இதுதானே? புலவர் அந்த மலையை நடந்து பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டில் உட்கார்ந்து இதை எழுத முடியாது. கதை எழுதிப் பிழைப்பவன் சொல்கிறேன், நம்பலாம்.

இந்த வழியில் கூத்தர்கள் மட்டுமா போனார்கள்? சவ்வாது மலைக்கும் தென்மலைக்கும் இடையே உள்ள செங்கம் கணவாய், மேட்டு நிலத்திலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் வாசல். மாடு பிடிக்க வந்தவர்களும் இந்தப் பக்கத்துக் காடுகளில் இறங்கினார்கள். மாட்டை மீட்கப் போனவர்கள் செத்து நடுகல் ஆனார்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களுக்கென்றே 1972-இல் தொல்லியல் துறை ஒரு புத்தகம் போட்டது. எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த சீமை இது!

1767 செப்டம்பர் 3-ஆம் தேதி இதே கணவாய்ப் பக்கத்தில் ஹைதர் அலியும் நிஜாமின் படையும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையை மறித்தார்கள். ஸ்மித் தப்பித் திருவண்ணாமலை சேர்ந்தார். அந்த மாதக் கடைசியில் அங்கேயும் சண்டை. அதைப் பற்றி வெள்ளைக்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், எனக்கு வேலை வைக்கவில்லை.

மலைவழியை உண்மையில் மாற்றியது பீரங்கி அல்ல, காகிதம் என்பது என் அபிப்பிராயம். 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச்சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக வரையறுத்தது. மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகக் கதை சொல்பவர்கள், எத்தனையோ தலைமுறையாக நடந்த தடங்களுக்கு முதன்முதலாக 'வழி உரிமை' என்று ஒரு பெயர் வந்தது. உரிமை என்று பெயர் வந்தால் அதை ஒருவர் கேட்கவேண்டும், இன்னொருவர் விசாரிக்கவேண்டும், அவர் மறுக்கவும் செய்யலாம். சந்தன மரம் விளையும் மலை அல்லவா? ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் சர்க்காருக்குச் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. கேட்டுப் பெற்ற வழிகள் நின்றன. கேட்கத் தெரியாதவர்களின் வழிகளில் புல் முளைத்தது. மற்றவற்றின்மேல் பிற்பாடு தார் விழுந்தது. பிரசவ வேதனையோடு பெண்களை டோலி கட்டித் தூக்கி வந்த மலையில் தார் விழுந்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

போளூர் வரை இரண்டு சைக்கிள்களையும் ஒரு சின்ன வேனில் ஏற்றிப் போனோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. ஆகையால் ஊருக்கு ஊர் செல்லும் வண்டித் தடத்திலேயே போவதென்று முடிவு. பையன் சரளையில் மான்போலப் போனான். நான் ஏற்றத்தில் சைக்கிளை ஓட்டினேன் என்று சொல்லமுடியாது. அதற்குத் துணையாக நடந்தேன். சாமைக் கொல்லைகள், பலா மரங்கள், யாருமில்லாத வெயில். கார் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் தாண்டியிருக்கும் இடத்தை இரண்டு மணி நேரம் பார்த்தேன்.

மூன்றரை மணிக்குத் தடம் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் மூன்றாயிற்று. பையனின் செல்போனில் பூகோள படம் வெறும் பச்சையாக நின்றது, சிக்னல் இல்லை. ஒரு பாதையில் போய்ப் பாறையில் முட்டித் திரும்பினோம். திரும்பிய பிறகு வந்த பாதை எது என்று தெரியவில்லை. கையில் அரை பாட்டில் தண்ணீர். மேகம் கறுத்தது. இந்த மலையில் கரடி உண்டு என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு அது முன்பே தெரியும் என்பதை அவன் என்னிடம் சொல்லவில்லை. தங்கையின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

"இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாமா, மாமா?" என்றான். அவன் குரல் சரியாக இல்லை.

அப்போதுதான் பாட்டு நினைவுக்கு வந்தது. குறவர்களே வழி மயங்கும் மலையில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்யவேண்டும்? கூத்தன் அதையும் சொல்லியிருக்கிறான். மேற்கொண்டு நடக்காதீர்கள். அகலமான பாறையில் எல்லோரும் கூடி இருந்து, உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள். காடு காக்கும் கானவர்கள், ஆற்றில் விழுந்தவனின் கூக்குரல் கேட்டவர்களைப் போல ஓடி வருவார்கள். தின்னப் பழம் தந்து, முன்னே நடந்து வழி காட்டுவார்கள்.

எங்களிடம் மத்தளம் ஏது? பையனுடைய விலையுயர்ந்த வாகனத்தில் மணியே கிடையாது. ஹெர்குலிஸில் இருந்தது. பாறையில் உட்கார்ந்து மணியை அடித்தேன். என் கை ஓய்ந்தபோது அவன் அடித்தான். கால் மணி நேரம் இருக்கும். கால் யுகம் போலிருந்தது.

புதர் விலகி முதலில் மூன்று ஆடுகள் வந்தன. பின்னால் ஒரு கிழவி, தோளில் கொடுவாளோடு வந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐஸ்காரன் இந்தக் காட்டுக்கு எப்படி வந்தான்னு பாக்க வந்தேன். நீங்கதானா? வழி தப்பிட்டீங்களா சாமி?"

"ஆமாம் ஆயா" என்றேன்.

மடியிலிருந்து இரண்டு சீத்தாப்பழம் எடுத்துப் பையனிடம் கொடுத்தாள். வாங்கும்போது அவன் கை நடுங்கியது. "பசியில மொகம் வாடிப்போச்சே கண்ணு, தின்னு" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தாள். எங்கள் இருவரையும்விட வேகமாக நடந்தாள். பாட்டைப் பற்றி அவளிடம் சொல்ல நினைத்தேன். மூச்சு வாங்கியதால் சொல்லவில்லை.

பிரிவுக்கு வந்ததும் எந்தத் தடம் ரோட்டுக்குப் போகிறது என்று கொடுவாளால் காட்டினாள். கொடுத்த காசை வாங்கமாட்டேன் என்றாள்; அப்புறம், "சரி, வெத்திலைக்கு ஆச்சு" என்று வாங்கி முடிந்துகொண்டாள். பையன் சைக்கிளில் ஏறாமல் நின்றான்.

"மாமா, இங்கே ஒரு அடையாளம் வைக்கணும். பின்னாடி வர்றவங்களுக்கு."

கூத்தன் அதையும் சொல்லியிருக்கிறான் என்றேன். வழி பிரியும் இடத்தில் தடத்தைச் சீர்செய்து, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான், பின்னால் வரும் புதியவர்களுக்காக. பையன் மண்டியிட்டு, ரோட்டுக்குப் போகும் தடத்தின் ஓரத்தில் நீளமான புல்லாகப் பார்த்துச் சேர்த்து, ஷூவுக்குப் போடும் முடிச்சாக இரண்டு முடிச்சுப் போட்டான். கிழவி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் இறக்கத்தில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, ஆடுகளில் ஒன்று அந்த முடிச்சை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. கிழவி அதைக் குச்சியால் அதட்டுவது கேட்டது.