வற்றும் குட்டைக்கும் ஒரு சரித்திரம்

எங்கள் வலியசாலையைப் பற்றிப் பேச்சு வந்தால், சரித்திரம் படித்தவர்கள் நேராக ராஜராஜ சோழனிடம் போய்விடுவார்கள். அவன் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதானா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். நான் சொல்ல வந்தது அந்தச் சாலையின் கதை இல்லை. அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், கோடையில் வற்றிப்போகும் சில குட்டைகளின் கதை.

எண்பதுகளில், பள்ளிக்கூட லீவு விட்டதும் பெரியப்பா விடியற்காலையில் எழுப்பிவிடுவார். "எழுந்திருடா, வெயில் ஏறிட்டா ஒண்ணும் பார்க்க முடியாது." கரமனை ஆற்றைத் தாண்டி வெள்ளாயணி ஏரி. அதை ஒட்டிய புஞ்சக்கரி வயல்கள். ஒரே ஒரு பைனாகுலர், முறை வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் முறை வரும்போது பறவை பறந்திருக்கும் :-)

ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் குட்டைகள் வற்ற ஆரம்பிக்கும். வற்றினால் பறவை போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியப்பா சிரிப்பார். நீர்க்காகத்துக்கு முங்க ஆழம் வேண்டும். பெரிய கொக்குக்கு முழங்கால் தண்ணீர் போதும். மடையானுக்கு ஓரத்துத் தண்ணீர், உள்ளானுக்கு வெறும் சேறு. கடைசியில் தரை காய்ந்ததும் ஆள்காட்டிக் குருவி வந்து வெறும் மண்ணிலேயே முட்டை வைக்கும். தண்ணீர் குறையக் குறைய மீனும் தலைப்பிரட்டையும் நத்தையும் ஒரே இடத்தில் நெருங்கிவிடும். ஆக, வற்றும் குட்டை என்பது கல்யாணப் பந்தி மாதிரி. ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காரும். எல்லாம் முடிந்து பூமி வெடித்துக் கிடக்கும்போதும், சேற்றுக்குள் நத்தைகள் மூடியை அடைத்துக்கொண்டு மழைக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று சமீபத்தில் தேடிப் பார்த்தேன்.

திருவிதாங்கூர் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்து வைத்த நாடு. திருவனந்தபுரம் மியூசியத்தின் டைரக்டராக இருந்த ஃபெர்குசனும், காட்டிலாகா அதிகாரி போர்டில்லனும் சேர்ந்து, 1903-04-லேயே திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிவிட்டார்கள். 1933 ஜனவரியில் சாலிம் அலி வந்தார். சமஸ்தானத்தின் ஆதரவோடு, மனைவி தெஹ்மினாவையும் கூட்டிக்கொண்டு, முகாம் முகாமாகத் தங்கிக் கணக்கெடுத்தார். அன்று கன்னியாகுமரியும் திருவிதாங்கூர்தான் என்பதை நினைவில் வையுங்கள். 1958-ல் 'இந்துசூடன்' என்ற பெயரில் எழுதிய கே. கே. நீலகண்டனின் 'கேரளத்திலெ பக்ஷிகள்' வந்தது. பறவை பார்ப்பது துரைமார்களின் பொழுதுபோக்கு என்ற நிலை மாறி, மலையாளம் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் உரியதானது. பெரியப்பாவுக்கு அதுதான் வேதம்.

பிறகு 1987-லிருந்து ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அது நடப்பது ஜனவரியில். 2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பறவை வரைபடம் தயாரித்தார்கள். பிரமாதமான வேலை. வருஷத்துக்கு இரண்டு சுற்று: ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒன்று, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஒன்று.

கவனித்தீர்களா? ஏப்ரலும் மேயும் இல்லை. குறை சொல்லவில்லை. வலசைப் பறவைகள் இருக்கும் மாதத்தில் எண்ணுவதுதான் நியாயம். ஆனால் பெரியப்பா காட்டிய பந்தி இந்தப் பெரிய கணக்குகளுக்கு வெளியே போய்விட்டது.

நம் கதையும் அதேதான். இங்கே அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு ஜூனில்தான் லீவு. நாம் இறங்கும்போது இடவப்பாதி மழை பிடித்துக் குட்டை நிரம்பியிருக்கும். இல்லாவிட்டால் டிசம்பரில் போவோம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட். நான் ஊரின் மே மாதத்தைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அங்கே எங்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டு வயல் உண்டு. நடுவில் ஒரு குட்டை. போன மே மாதம் அண்ணா (பெரியப்பா பையன்) ஃபோன் பண்ணினான். "தண்ணியே இல்லடா, கட்டாந்தரை. மண்ணடிச்சு வித்துடலாம்னு எல்லாரும் சொல்றா. பவர் ஆஃப் அட்டர்னி அனுப்பு."

கேரளத்தில் 2008-லிருந்து நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. டேட்டா பேங்க் என்ற பட்டியலில் உள்ள நிலத்தை நினைத்தபடி நிரப்ப முடியாது. பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம். அப்போது கேள்வி ஒன்றுதான்: இது வயலா, தண்ணீர்த்தடமா, வெறும் நிலமா? மே மாதத்துக் குட்டையைப் பார்த்தவர் வெறும் நிலம் என்றுதான் சொல்வார். பொய்யும் இல்லை. ஆனால் அது பாதிச் சரித்திரம்.

அண்ணாவோடு சண்டை போடவில்லை. அவன் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது, பணம் வேண்டும். நான் டாலரில் சம்பாதித்துக்கொண்டு கொக்கைப் பற்றிப் பேசினால் அவனுக்குக் கோபம் வராதா? ஒன்று மட்டும் கேட்டேன். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலம்பற ஆறு மணிக்குப் போய் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம் பேசுவோம்."

அனுப்பினான். சேறு மட்டும் மிச்சமிருந்த ஒரு மூலையில், நாங்கள் சின்ன வயதில் அங்கே பார்த்தேயிராத நத்தை குத்தி நாரைகள் நான்கு. தள்ளி ஒரு ஆள்காட்டி, நம்மை விரட்டுகிற தோரணையில். கீழே அண்ணா எழுதியிருந்தான்: "அப்பா இருந்தா பேர் சொல்லியிருப்பா."

கையெழுத்து இன்னும் போடவில்லை. கல்யாணச் செலவுக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது முடிவாகாது, தெரியும். அடுத்த வருஷம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னாலும் சரி, மே மாதத்தில் ஊருக்குப் போவதாக இருக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு குளமோ ஏரியோ இருந்தால், கோடையில் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.