மார்ஃபின் மீது வந்த பயம்

1893-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த அபின் கமிஷன் இந்தியா முழுக்கச் சாட்சியம் கேட்டபோது, கைக்குழந்தைக்கு அபின் ஊட்டும் வழக்கமும் பதிவேட்டில் ஏறியது. பம்பாயில் அதற்குப் பெயர் ‘பால கோலி’. ஆலைக்குப் போகும் தாய் ஒரு சிறு உருண்டையைக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் கிளம்புவாள். அளவு மிஞ்சி இறந்த குழந்தைகளும் உண்டு. மருத்துவர்கள் கண்டித்தது நியாயமே.

அந்த அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினை, புற்றுநோயால் துடிக்கும் பிள்ளைக்கு மருத்துவர் அளந்து கொடுத்தாலும் இன்றைய பெற்றோர் தயங்குகிறார்கள். பழக்கமாகிவிடாதா? மூச்சு நின்றுவிடாதா? இதுதான் கடைசிக் கட்டமா?

இந்தப் பயம் பாட்டி வழி வந்ததில்லை. பெரும்பங்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தைச் சேரும். பத்தாண்டுச் சிறை என்ற மிரட்டல் ஒருபுறம், மார்ஃபின் வாங்கி வைக்க நாலைந்து உரிமங்கள் மறுபுறம். மருந்துக்கடைகள் கைகழுவின. 1985-இல் நாடு பயன்படுத்திய மார்ஃபின் சுமார் 573 கிலோ. 1997-இல் வெறும் 18 கிலோ. அப்போதும் இந்தியா வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்கு அபின் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது என்பதுதான் கொடுமை. மார்ஃபினைக் கையாளாமலேயே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வெளியே வந்தார்கள். மருத்துவரே பயந்தால் பெற்றோருக்கு யார் தைரியம் சொல்வது?

சட்டம் மட்டுமல்ல, மருத்துவமும் தடையாக இருந்தது: சிசுவுக்கு வலி தெரியாது என்று 1980-கள் வரை மருத்துவ உலகமே பெருமளவு நம்பியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த இந்திய மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் 1987-இல் அதை உடைத்தார்: அறுவை சிகிச்சையில் ஃபென்டனில் என்ற வலிமருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். 2012-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குக் கோடீன் என்ற வலிமருந்தைத் தவிர்த்து, கடும் வலிக்கு மார்ஃபினைப் பரிந்துரைத்தது.

கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு, நோயாளிகள் வாய்வழி மார்ஃபினை வீட்டிலேயே சாப்பிட வழிசெய்தது. அவர்களும் மற்றவர்களும் விடாமல் போராடியதில் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இப்போது உரிமம் உரிமமாக அலைய வேண்டியதில்லை.

சட்டம் தளர்ந்தாலும் அந்தமானுக்கு இன்னும் ஒரு தடை உண்டு: கடல். புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்னை வரும் தீவுக் குடும்பம் கப்பலில் திரும்பினால் சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். வழியிலோ ஊரிலோ மருந்து தீர்ந்தால் சிக்கல். தொடர்ந்து எடுத்த மார்ஃபினைச் சட்டென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆகவே கப்பலேறும் முன்பே கேட்டுவிடுங்கள்: போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில்) இந்த மருந்து எங்கே கிடைக்கும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு என்ன தருவது, இரவில் வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது.