அரசாங்க சபைக்குச் சென்ற ஆசிரியர்

மட்டக்களப்பின் கல்வி வரலாறு என்றதும் எம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் சுவாமி விபுலாநந்தர். அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அதே 1943ஆம் ஆண்டில், எமது மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்றார். அவர் வி. நல்லையா. அடிகளாருக்குச் சிலைகளும் விழாக்களும் உண்டு. நல்லையாவின் பெயரைக் கேட்டால் எமது இளைய தலைமுறைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நல்லையா மண்டபம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில், நாம் படித்த படிப்புக்கும் அவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

அக்காலத்து நிலைமையை முதலில் பார்ப்போம். மட்டக்களப்பு நகரில் 1814 முதலே ஆங்கிலப் பாடசாலை இருந்தது. மிஷன் பாடசாலைகள் பெண் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்திருந்தன. ஆனால் உயர் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன; அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். அரசாங்க உத்தியோகத்துக்கும் வைத்தியப் படிப்புக்கும் அந்த ஒரு வழிதான் இருந்தது. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையில் படித்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியானாலும் சில வகுப்புகளுடன் படிப்பு முடிந்துவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த பெண் பிள்ளைக்கு, தோணியேறி நகருக்கு வந்து படிப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எங்கள் பெத்தாமாருக்கும் வாக்குக் கிடைத்தது. ஆனால் வாக்குச் சீட்டு கிடைத்த வேகத்தில் பாடப் புத்தகம் கிடைக்கவில்லை.

இந்த வேறுபாட்டை வகுப்பறையில் நின்று கண்டவர் நல்லையா. சபைக்குச் சென்ற அடுத்த ஆண்டிலேயே அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. 1944 மே மாதம் ஜே. ஆர். ஜயவர்தன ஆங்கிலத்தின் இடத்துக்குச் சிங்களத்தைக் கொண்டுவரும் பிரேரணையை அரசாங்க சபையில் விவாதத்துக்கு எடுத்தார். சிங்களம் பாடசாலைகளில் போதனாமொழியாகவும், பொதுப் பரீட்சைகளில் கட்டாய பாடமாகவும், சபை நடவடிக்கைகளுக்கு உரிய மொழியாகவும் ஆக வேண்டும் என்பது அதன் சாரம். சிங்களம் என வரும் இடங்களில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்று நல்லையா திருத்தம் கொண்டுவந்தார். ஜயவர்தன அதை எதிர்க்கவில்லை. திருத்தப்பட்ட பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேறியது. தமிழில் பார்த்தால் அவர் சேர்த்தது ஓர் ‘உம்’ தான்: சிங்களமும் தமிழும். தமிழ் பேசும் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் அனைவருக்கும் அந்த ‘உம்’ உரியதாயிற்று.

1945 முதல் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. பின்னர் படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் சென்றது. நாம் இரசாயனவியலையும் உயிரியலையும் உயர்தரம் வரை தமிழிலேயே படித்தோம். அதனால் ஏற்பட்ட இழப்புகளையும் மறைக்க வேண்டியதில்லை. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் வாய்ப்புக் குறைந்தது. வைத்திய பீடத்தில் கால் வைத்த முதல் ஆண்டில் உடற்கூற்றியல் புத்தகத்தையும் ஆங்கில அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தவர்கள் எம்மில் பலர். ஆனாலும் தமிழில் படிக்க முடியாதிருந்தால் அந்த வாசல் வரையே எம்மில் பெரும்பாலோர் வந்திருக்க மாட்டோம்.

நல்லையாவின் இரண்டாவது பணி வந்தாறுமூலையில் இருக்கிறது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தில் கிராமப் புறங்களில் மத்திய கல்லூரிகள் அமைந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படிக்கலாம். அத்தகைய கல்லூரி ஒன்றை நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், வயலும் தென்னையும் சூழ்ந்த வந்தாறுமூலைக்குப் பெற்றுத் தந்தவர் அவர். 1981இல் அந்த வளாகத்தில்தான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 செப்ரெம்பரில் அதே வளாகம் அகதி முகாமாக இருந்தபோது சுற்றிவளைப்பில் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் வீடு திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகும் அங்கே விரிவுரைகள் நடந்தன. இன்று இப்பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே வைத்தியர்களை உருவாக்குகிறது.

1947இலும் 1952இலும் கல்குடாத் தொகுதி நல்லையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தபால் துறைக்குப் பொறுப்பான அமைச்சராகவும் அவர் இருந்தார். 1956 ஏப்ரல் தேர்தலில் தோல்வியுற்றார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1944இல் இரு மொழிகளுக்கும் இடமளிக்கத் தமக்கு ஆட்சேபமில்லை என்று சபையில் கூறியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவே அச்சட்டத்தைக் கொண்டுவந்தார். நல்லையா சேர்த்த ‘உம்’ அரசகரும மொழிச் சட்டத்தில் இல்லாமற் போயிற்று. 31 ஆண்டுகளின் பின், 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி என்றாயிற்று. இடையில் எத்தனை உயிர்கள் போயின என்பதை எமது பாடசாலையின் எந்த வகுப்புப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் தெரியும்.

சட்டத்தில் திரும்பி வந்த அந்த ‘உம்’ நடைமுறையில் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. எமது மாவட்டத்துக்கு வெளியே, பெயர் சொல்லத் தேவையில்லாத வைத்தியசாலைகளில், தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் எமதூர்த் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். பக்கத்துக் கட்டிலிலுள்ளவரோ சிற்றூழியரோ மொழிபெயர்த்துச் சொன்னதை நம்பி அவர்கள் பேனாவை எடுப்பார்கள். மாத்திரை உறையில் எழுதியிருப்பதை வாசிக்க வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தேடுவார்கள். மொழியுரிமை என்பது மேடைப் பேச்சு மட்டும் அல்ல என்பது அவ்வேளைகளில் நன்றாக விளங்கும்.

நல்லையா 13 ஆண்டுகள் சட்டமன்றங்களில் இருந்தார். அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் பற்றி எம்மிடையே பல கருத்துகள் இருக்கலாம். 1956இல் வாக்காளர்கள் தமது தீர்ப்பை வழங்கியும் விட்டார்கள். ஆனால் சபையில் அமர்ந்த ஆசிரியர் வகுப்பறையை மறக்கவில்லை என்பதற்கு ஒரு திருத்தமும் ஒரு வளாகமும் சாட்சியாக நிற்கின்றன.

கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, புலமைப்பரிசில் பெற்றும் விடுதிச் செலவுக்கு வழியின்றி ஊரிலேயே நின்றுவிடும் பெண் பிள்ளைகள் படுவான்கரையில் இன்றும் இருக்கிறார்கள். நூற்றாண்டு விழாவின் கணக்கை முடிக்குமுன் அவர்களில் சிலரின் படிப்புச் செலவையும் எமது சங்கம் பொறுப்பேற்குமானால், அந்த ஆசிரியருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு தீரும்.